அம்மாவின் போட்டோவும் ஒரு ‘எஸ்’ஸும்

போன மாதம் ஒரு சாயங்காலம். முற்றத்து ஓரம் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஏழாவது படிக்கும் என் பேத்தி இங்கிலீஷ் நோட்டைக் கொண்டுவந்து கீரைக்கட்டு மேலேயே போட்டாள்.

“இதுல என்ன தப்பு, பாட்டி?”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ‘ஹீ இஸ் எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ்’ என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறது குழந்தை. ‘ஃபாதர்’ என்பதற்கு மேலே தொங்கும் கமா போட்டு, பக்கத்தில் ‘எஸ்’. அந்த ‘எஸ்’ஸைத்தான் சிவப்பு மையால் சுழித்து அரை மார்க் குறைத்திருந்தது.

அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். “‘ஆஃப்’னாலே ‘உடைய’ன்னுதானே அத்தை அர்த்தம்? அப்புறம் எதுக்கு ‘எஸ்’ வேற? ரெண்டு ‘உடைய’ ஆயிடுதே!” என்றாள். அவள் பட்டம் வாங்கியவள். கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒரு கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார்களா?

“உன் எழுத்தும் சரி, அந்த வாக்கியமும் சரி. டீச்சர்கிட்ட மரியாதையாக் கேளு” என்று பேத்தியிடம் சொன்னேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் உடனே. நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இந்த ஒரே ஒரு ‘எஸ்’ விஷயத்தில் மட்டும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். அந்தக் கதையைத்தான் உங்களிடமும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது என் அப்பா. எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே வயலுக்குப் போய்விடும். அப்பா மட்டும் திண்ணையில் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் நிலமும் உண்டு, ஆனால் அவருக்கு நெல்லைவிட இலக்கணத்தில்தான் பிடிப்பு. இதற்கு ஊர்க் காற்றும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரைட் ஆனரபிள் ஸ்ரீனிவாச சாஸ்திரியார் 1869-ல் பிறந்தது வலங்கைமானில்தானே! கும்பகோணத்தில் படித்து, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிற்பாடு வெள்ளைக்காரர்களே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்படி இங்கிலீஷ் பேசியவர். ‘வெள்ளி நாக்கு’ என்று பட்டப் பெயர்.

அவரைப் பற்றி அப்பா ஒரு விஷயத்தை ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். காந்திஜி குஜராத்தியில் எழுதிய சுயசரிதையை மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார் அல்லவா? 1940-ல் அதன் மறுபதிப்பு வந்தபோது, அதற்கு முன்னால் வரி வரியாக நடையைத் திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரியார். ஆனால் தன் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டாராம். அதனால் முன்னுரையில் பெயரைச் சொல்லாமல், மதிப்புக்குரிய ஒரு நண்பர் என்று மட்டும் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார் தேசாய். “பேர் போடாட்டி என்ன? வேலை அவரோடதுதானே!” என்று முடிப்பார் அப்பா.

நான் இங்கிலீஷில் மார்க் குறைந்து அழுதால் வேறு கதை வரும். காவிரிக் கரையில் இருக்கிற கும்பகோணம் காலேஜுக்குத் ‘தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர். அங்கே 1904-ல் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த கணித மேதை ராமானுஜன், கணக்கிலேயே முழுகிக் கிடந்ததில் இங்கிலீஷ் கட்டுரையில் தவறி, அந்த உபகாரச் சம்பளத்தை இழந்தார். “ராமானுஜனையே விடலை இந்த இங்கிலீஷு. நீ எம்மாத்திரம், கண்ணைத் துடை” என்பார். இது ஆறுதலா, மிரட்டலா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை!

அப்பா இந்த ‘ரெண்டு உடைய’ சமாசாரத்தைச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வீட்டில் யாருக்கோ காது குத்து. கூடத்தில் பந்தி நடக்கிறது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்:

“இங்கிலீஷ்ல ஒரு பேருக்கு முன்னால ஒரே ஒரு மணைதான் போட்டிருக்கு. ‘எ’, ‘தட்’, ‘மை’ மூணு பேரும் அந்த மணைக்குத்தான் போட்டி. ‘மை’ உட்கார்ந்துட்டா ‘எ’ நிக்கணும். ‘எ மை ஃப்ரெண்ட்’னு ஒரே மணையில ரெண்டு பேரை நெருக்கி உட்கார வைக்க முடியாது. சரி, ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாச்சே, என்ன பண்றது? ‘எ’யை முதல் பந்தியில உட்கார வை. ‘மை’யை அடுத்த பந்திக்கு அனுப்பு. அங்க போனதும் அது ‘மைன்’னு வேஷ்டி மாத்திக்கும். ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’. புரியுதா?”

புரிந்தது. இன்றைக்கும் நம்மில் பல பேர் ‘மை ஒன் ஃப்ரெண்ட்’ என்கிறோம், ‘மை தட் ஸாரி’ என்கிறோம். ‘என்னோட அந்தப் புடவை’ என்று தமிழில் நினைப்பதை அப்படியே தூக்கிப் போடுகிறோம். ‘தட் ஸாரி ஆஃப் மைன்’ என்றால் சரியாகிவிடும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பதும் நம் வீடுகளில் தினம் காதில் விழுகிறது. பல பேரில் ஒருத்தி என்பதால் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று சொல்லவேண்டும்.

தமிழில் நமக்கு இந்த மணைத் தகராறே கிடையாது. ‘என் சிநேகிதி ஒருத்தி’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். ‘என்’ முன்னால் உட்காருகிறது, ‘ஒருத்தி’ பின்னால் உட்காருகிறாள். வெள்ளைக்காரன் ‘ஒருத்தி’யை முன்னால் வைத்து ‘என்’னைப் பின்னால் அனுப்புகிறான். ஆனால் நம் பக்கமும் வேறு மாதிரி வம்பு உண்டு. நன்னூல்படி ‘அது’ என்கிற ஆறாம் வேற்றுமை உருபு அஃறிணை ஒருமைக்குத்தான் பொருந்தும். ‘எனது வீடு’ சரி. ‘எனது மகன்’ தப்பு, ‘என் மகன்’ என்றுதான் எழுதவேண்டும். கல்யாணப் பத்திரிகைகளில் ‘எனது மகள்’ என்று பார்த்தால் அப்பா பென்சிலை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் மஞ்சளே தொடுவார்.

‘மைன்’ சரி, ‘ஃபாதர்’ என்பதற்கு எதற்கு ‘எஸ்’ என்கிறீர்களா? ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மைன்’, ‘யுவர்ஸ்’, ‘ஹர்ஸ்’ எல்லாம் ஏற்கெனவே ‘உடையது’ என்ற பொருளை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிற சொற்கள். அந்த வரிசையில் ‘ஃபாதர்’ வந்து உட்காரும்போது அதுவும் ‘ஃபாதர்ஸ்’ என்று உட்காருகிறது, அவ்வளவுதான். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலீஷிலேயே உண்டு. 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கணப் புத்தகத்தில், ‘ராஜாவின் சிப்பாய் ஒருவன்’ என்று ஓர் உதாரணம் காட்டி, மருமகள் கேட்ட இதே ‘ரெண்டு உடைய’ விஷயத்தைப் பேசியிருக்கிறார்.

‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்’ என்று ‘எஸ்’ இல்லாமல் எழுதினாலும் தப்பில்லை. சிநேகிதர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘எஸ்’ போட்டதைத் தப்பு என்று சுழிப்பதுதான் நியாயமில்லை.

அப்பா எனக்குச் சுருக்கமாக ஒரு வாய்ப்பாடு கொடுத்தார். “ஆளா இருந்தா ‘எஸ்’ போடு. மேஜை, நாற்காலியா இருந்தா போடாதே.” மேஜையின் கால் ஒன்று என்பதற்கு ‘எ லெக் ஆஃப் த டேபிள்’, அதோடு சரி. டேபிளுக்கு ‘எஸ்’ கிடையாது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இது பாதி வாய்ப்பாடுதான், மீதிப் பாதியும் உண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்வதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, 1968-ல். தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன்.

அப்பா 1972-ல் காலமானார். அம்மாவை அண்ணன் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணன் கட்டிக்கொண்டது மராட்டியப் பெண். புனாவில் கான்வென்டில் படித்தவள், தங்கமான குணம், ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணனுக்கு மாதத்தில் இருபது நாள் டூர். ஆகவே எங்கள் கடிதப் போக்குவரத்தெல்லாம் அண்ணியோடுதான், அதுவும் இங்கிலீஷில். என் ஓட்டை இங்கிலீஷைப் பொறுத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பதில் போடுவாள்.

1979 தை மாதம் அம்மா பம்பாயிலேயே போய்விட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத வேண்டாம்.

வருஷத் திதி நெருங்கும்போதுதான் வீட்டில் அம்மா படம் ஒன்றுகூட இல்லையே என்று உறைத்தது. அப்பா படம் கூடத்தில் சந்தனப் பொட்டோடு இருக்கிறது. தாத்தா படம் இருக்கிறது. அம்மா? அண்ணனிடம் பெட்டிக் காமிரா ஒன்று இருந்தது. அதைத் தூக்கினாலே, “என்னை எதுக்குடா, புள்ளைங்களை எடு” என்று முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொள்வாள். எத்தனை வீட்டில் இதே கதை!

அம்மாவின் டிரங்குப் பெட்டி பம்பாயில் இருந்தது. அதற்குள் ஏதாவது படம் இருக்கும் என்று நினைத்து அண்ணிக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். நிறுத்தி நிதானமாக, அப்பாவை மனதில் நினைத்துக்கொண்டு, இலக்கணம் பிசகாமல் எழுதினேன். ‘தேர் மே பி எ ஃபோட்டோ ஆஃப் மை மதர்ஸ் இன் ஹர் ட்ரங்க். ப்ளீஸ் ஸெண்ட் இட்.’ அம்மா ஆள்தானே, பொருள் இல்லையே! ஆகவே கமாவைத் தொங்கவிட்டு ‘எஸ்’ஸை அழகாகப் போட்டேன். போட்டதும் ஒரு தரம் பெருமையாகப் படித்துப் பார்த்துக்கொண்டது வேறு ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசி அடைமழையில் ரிஜிஸ்தர் தபால் வந்தது. இரண்டு அட்டைக்கு நடுவே பத்திரமாக வைத்து அனுப்பியிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன்.

அம்மா இல்லை.

யாரோ ஒரு பெண். பதினாலு பதினைந்து வயசிருக்கும். தாவணி, இரட்டைப் பின்னல், பின்னால் தூணும் பூந்தொட்டியும் வரைந்த ஸ்டுடியோத் திரை. பக்கத்தில் ஒரு முக்காலி மேல் கையை ஊன்றிக்கொண்டு, சிரிப்பை அடக்குகிற மாதிரி நிற்கிறாள். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. எங்கள் சொந்தத்தில் இந்த முகம் கிடையாது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அம்மா படம் கேட்டால் எவளோ ஒருத்தி படத்தை அனுப்பியிருக்கிறாளே, ஏழு வருஷம் கூட இருந்தவள் முகம் தெரியாதா இவளுக்கு? அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். அவர் அண்ணியின் கடிதத்தை வாங்கிப் படித்தார். நான் படத்தைப் பார்த்த அதிர்ச்சியில் கடிதத்தைச் சரியாகப் படிக்கவே இல்லை.

அண்ணி எழுதியிருந்தது இதுதான்: ‘நீ கேட்டபடி அத்தை பெட்டியில் தேடினேன். அவர்களுக்குச் சொந்தமான போட்டோ இது ஒன்றுதான் இருந்தது. அடிமட்டத்தில், ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். இந்தப் பெண் யார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.’

அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடைய ‘எஸ்’ஸில். சிநேகிதர், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்றால் ‘எஸ்’ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் போட்டோ, ஓவியம், சிலை மாதிரி சங்கதிகளில் அந்த ‘எஸ்’ அர்த்தத்தையே மாற்றிவிடும். ‘எ ஃபோட்டோ ஆஃப் மை மதர்’ என்றால் படத்துக்குள் அம்மா இருக்கிறாள். ‘எ ஃபோட்டோ ஆஃப் மை மதர்ஸ்’ என்றால் படம் அம்மாவின் சொத்து, அதற்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அப்பா விட்டுப்போன மீதிப் பாதி இதுதான். தமிழில் ‘அம்மாவோட போட்டோ’ என்றால் இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகிறது. கேட்கிறவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், நம் வீட்டு உதாரணமாகவே இருக்கட்டும். ‘எ க்ரிடிஸிஸம் ஆஃப் மை மதர்-இன்-லா’ என்றால் மாமியாரை யாரோ குறை சொல்கிறார்கள். கடைசியில் ‘எஸ்’ போட்டால் குறை சொல்வது மாமியார்! ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதில் ஜாக்கிரதையாக இருங்கள். அதேபோல ‘எ ஹஸ்பண்ட் ஆஃப் மைன்’ என்று எழுதித் தொலைக்காதீர்கள். இருக்கிற பல கணவர்களில் ஒருவர் என்று ஆகிவிடும். ‘திஸ் ஹஸ்பண்ட் ஆஃப் மைன்’ என்றால் பரவாயில்லை. அதில் கொஞ்சம் செல்லமும் இருக்கும், கொஞ்சம் சலிப்பும் இருக்கும். ‘தட் ஸன் ஆஃப் யுவர்ஸ்’ என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தால் பையன் ஏதோ விஷமம் செய்திருக்கிறான், அந்த நிமிஷம் அவன் எனக்கு மட்டும்தான் பிள்ளை என்று அர்த்தம்!

படத்துக்கு வருகிறேன். மழை விட்டதும் கார்த்திகையில் கும்பகோணம் போய் பஸ் மாறிப் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மாவின் அக்காள். இரண்டு பக்கமும் சம்பா பயிர் பச்சைப் பசேலென்று தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. பெரியம்மாவுக்குக் கண் மங்கலாகிவிட்டது. படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

“இது எங்கடி இருந்துச்சு?” என்றாள்.

“அம்மா பெட்டியில.”

“வச்சிருந்தாளா? இத்தனை வருசமா?” என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். “மேலத்தெருப் பொண்ணு. உங்கம்மாவும் இவளும் உசிர் சிநேகிதம். அஞ்சாவது வரைக்கும் ஒண்ணாப் படிச்சாளுங்க. ஒருத்தி வீட்டுல சோறு, ஒருத்தி வீட்டுல தூக்கம். இவளைப் பினாங்குல கடை வச்சிருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தாங்க. முப்பத்தெட்டோ முப்பத்தொம்பதோ. போறதுக்கு முன்னால கும்பகோணத்துக்கு அழைச்சிட்டுப் போயி எடுத்த படம் இது. ரெண்டு காப்பி போட்டாங்க. ஒண்ணு அவங்க வீட்டுக்கு. இன்னொண்ணை இவ அழுது வாங்கிக்கிட்டா. நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்திவிடப் போனப்ப நானும் வர்றேன்னு உங்கம்மா வண்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னா. வயசுக்கு வந்த பொண்ணை யாரு அழைச்சிட்டுப் போவாங்க?”

“அப்புறம்?”

“ரெண்டு வருசம் கடுதாசி வந்துச்சு. சண்டை வந்துச்சு. நின்னுபோச்சு.”

அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போகும். ‘ரஜூலா’ என்று பெயர் சொன்னால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் புகுந்தான். 1945 வரை அங்கே அவன் ராஜ்யம். அந்த நாலு வருஷத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடுவே தொலைந்துபோன குடும்பங்கள் டெல்டாவில் எத்தனையோ. சண்டை முடிந்து சில பேர் திரும்பினார்கள், சில பேரிடமிருந்து கடிதம் வந்தது. மேலத்தெருப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் வீட்டாரும் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்குத் திடீரென்று ஆடிப்பெருக்கு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவாள். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, பழம் வைத்து ஆற்றுக்குப் பூஜை செய்து தண்ணீரில் விடுவோம். எல்லாப் பெண்களும் ஒரு ஜதை காதோலை விடுவார்கள். அம்மா மட்டும் இரண்டு ஜதை விடுவாள். ஒரு தரம் நான், “இது யாருக்கும்மா?” என்று கேட்டிருக்கிறேன். எனக்கு ஏழெட்டு வயசிருக்கும்.

“என் சிநேகிதி ஒருத்திக்கு” என்றாள்.

அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. ஆற்றில் போகிற மஞ்சளைப் பார்ப்பேனா, இதையெல்லாம் விசாரிப்பேனா? அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருக்க முடியும் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. சம்பா நடவுக்கு முன்னால் அவள் சங்கிலி பாங்கிக்குப் போகும், அறுப்பு முடிந்து வரும், சில வருஷம் வராது. நல்ல பட்டுப்புடவை என் கல்யாணத்தில் என்னிடம் வந்துவிட்டது. நிலம் அப்பாவோடது, பசுமாடு பாட்டியோடது, சைக்கிள் அண்ணனோடது. அம்மாவோடது என்று அந்த வீட்டில் ஒரு சாமானைக்கூட என்னால் சொல்ல முடிந்திருக்காது. டிரங்குப் பெட்டிகூடத் தாத்தாவோடதுதான்.

அந்தப் படத்தை அண்ணி ரவிக்கைத் துணியோடு எடுத்த அதே வாரம் அவர்கள் வேறு குவார்ட்டர்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்களாம். பழைய சாமான்களையெல்லாம் கழித்துக்கட்டிக்கொண்டிருந்த சமயம். நான் ‘எஸ்’ போடாமல் சரியாக எழுதியிருந்தால் அண்ணி பெட்டியில் அம்மா முகத்தைத் தேடியிருப்பாள். இல்லையென்று பதில் எழுதியிருப்பாள். முகம் தெரியாத பெண்ணின் செல்லரித்த படம் பழந்துணியோடு போயிருக்கும்.

சரி, அம்மா படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாவது கடிதத்தில், ‘எஸ்’ இல்லாமல் வேண்டும் என்று எழுதினேன். அண்ணி சிரித்திருப்பாள். குழந்தைகளை எடுத்த படங்களையெல்லாம் கொட்டிப் பார்த்து, ஒன்றில் அம்மாவின் கை இருப்பதாக எழுதினாள். பேரனை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கை, வளையல் இல்லாத கை. அதையும் அனுப்பினாள். முகம் கடைசியில் என் கல்யாண குரூப் போட்டோவில்தான் கிடைத்தது. பின் வரிசை, ஓரம், யாருடைய தலைப்பாகைக்கோ பின்னால் முக்கால் முகம். தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் அதை மட்டும் பெரிதாக்கி, ‘டச்’ பண்ணித் தருவதாகச் சொன்னார்.

“நெத்தியில பொட்டு இருக்கே, அழிச்சிடவாம்மா?” என்று அவர் கேட்டார். படம் எடுத்தபோது அப்பா இருந்தார், அம்மா போனபோது அப்பா இல்லை. கூட வந்திருந்த சொந்தக்கார அம்மாள், “அழிக்கத்தான் வேணும்” என்றாள். நான், “இருக்கட்டும்” என்றேன். அதற்காக அந்த அம்மாள் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

டச் பண்ணின படத்தில் கண் கொஞ்சம் பெரிசாகிவிட்டது, மூக்கு கூர்மையாகிவிட்டது. அம்மா மாதிரி இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் அம்மா இல்லை. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேலாக அதற்குத்தான் மாலை போடுகிறோம்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்லி முடிக்கும்போது கீரை அப்படியே கிடந்தது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “அந்தப் படத்தைக் காட்டு பாட்டி” என்றாள் குழந்தை. எடுத்து வந்தேன். இப்போது அது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. அம்மாவின் கை இருக்கிற படமும் அதே உறையில்தான். குழந்தை தாவணிப் பெண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, “இவங்க சிரிக்கப் போறாங்க பாட்டி” என்றாள்.

மறுநாள் நோட்டில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் டீச்சர் ‘இரண்டும் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல டீச்சர்தான். அரை மார்க்கை மட்டும் கூட்டிப்போட மறந்துவிட்டார் என்று பேத்திக்கு இன்னும் குறை. ஆடிப்பெருக்குக்கு எத்தனை ஜதை காதோலை வாங்க வேண்டும் என்று மருமகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.